அறுபது டிகிரி

வாடகைக்கு எடுத்தபோது
கண்ணாடியில் இருந்த பழைய எழுத்தை நாங்கள் சுரண்டவில்லை.
சுரண்ட இருநூற்றைம்பது யூரோ கேட்டார்கள்.
காணிக்கைப் பெட்டியில் அந்த மாதம்
நூற்றிப்பத்தும் ஒரு சட்டைப் பொத்தானும்.
ஆகையால் சிலுவைக்கு மேலே
‘சலவையகம், காலை ஆறு முதல்’ என்றே இருந்தது.

வுப்பர்டால்.
சக்கரம் மேலே, ஆட்கள் கீழே என்று
ஆற்றின் மேல் ரயில் தொங்கிப் போகிற ஊர்.

ஊழியம் என்று முதலில் செய்தது
நானூறு துண்டுப்பிரசுரம்.
ஜெர்மன் பக்கத்துப் பிழை என்னுடையது:
வாருங்கள், இளைப்பாறுங்கள் என்பதற்கு
வாருங்கள், படுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தேன்.
எல்லாத் தபால்பெட்டியிலும் ஓர் ஒட்டுத்தாள்,
விளம்பரம் வேண்டாம்.
பாஸ்டர் ஜெபநேசன் சட்டத்துக்குப் பயந்தவர்.
முந்நூற்றெழுபதைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள்.
ஆராதனை நடுவில், கதவைத் தோளால் தள்ளி,
பெரிய நீலப் பையில் அழுக்குத் துணியோடு.
கைதட்டிப் பாடுகிற பதினொரு பேரைப் பார்த்து
மெஷின் எங்கே என்றார்கள்.
இது சபை என்றோம்.
மன்னிக்கவும் என்று போனார்கள்.
அதற்குப் பிறகு அல்லேலூயா
சரியாகக் காயாத துணிபோல இருந்தது.

பின்னறையில் பழைய முதலாளி விட்டுப்போன மெஷின் இரண்டு.
அதன் மேல்தான் திருவிருந்துக் கிண்ணங்களை அடுக்கியிருந்தோம்.
டிசம்பர் கூட்டத்தில் பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:
செவ்வாய்க்கிழமைகளில் ஓடவிட்டால் என்ன, இலவசமாக?

அருமைத்துரை அண்ணர் கதிரையைப் பின்னால் தள்ளினார்.
“கடல் கடந்து வந்தது
ஊரார் துணி வெளுக்கவோ?”

இந்த ஊரே ஒருகாலத்தில்
ஆற்றங்கரையில் நூல் வெளுத்துப் பணம் பார்த்த ஊர்.
அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை எனக்கு.
ஹீட்டர் மட்டும் பேசியது.
ஒருவரும் யோகறாசாவைப் பார்க்கவில்லை.
எவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தோம் என்றால்
அவன் எந்தக் கதிரையில் இருக்கிறான் என்று
அறை முழுவதற்கும் தெரிந்தது.
முப்பது வருடம், ஒரே ஞானஸ்நானத் தொட்டி.
அவன் தகப்பனுக்கு என்ன தொழில் என்று
இங்கே யாரும் கேட்டதில்லை.
கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவன் எழும்பினான்.
(பாருங்கள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவரை
இவ்வளவு நேரமும் அவன் என்றே எழுதியிருக்கிறேன்.
அடிக்காமல் விடுகிறேன். இருக்கட்டும்.)

வெளியே போகிறார் என்று நினைத்தேன்.
பின்னறையில் குழாய் முறுகும் சத்தம்.
பிறகு தண்ணீர்.

ஈரக்கையோடு வந்து நின்றார்.
“றப்பர் வளையம் மாத்தவேணும், நாலு யூரோ, நான் போடுறன்.
கழுவுறது மெஷின்.
மடிக்கத்தான் ஆள் வேணும்.
அண்ணருக்குச் செவ்வாய் லீவுதானே?”

முதல் செவ்வாய் இரண்டு பேர்.
எரித்திரியாப் பெண் செலாம், பிள்ளையின் பள்ளிப் பையையும் சேர்த்து.
ஹெர் டீக்மன், மனைவி ஆஸ்பத்திரியில்,
அறுபது டிகிரியில் என்ன போடலாம், எது சுருங்கும்
என்று தெரியாமல் எழுபத்தாறு வயதுவரை வந்திருந்தார்.
ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.
பாடுவோம் என்றேன்.
தெரியும், ஒருமுறை கதவைத் தள்ளியிருக்கிறேன் என்றார்.
திரும்ப வருவதாகச் சொல்லவில்லை.

தலைமைச் சபைக்கு அனுப்பும் படிவத்தில்
ஆத்துமாக்கள் என்று ஒரு கட்டம்.
பாஸ்டர் பேனாவோடு இருந்தார்.
கிலோவில் போடலாமா என்றேன்.

ஐந்தாம் செவ்வாய் அருமைத்துரை அண்ணர் வந்தார்.
துணி தொடவில்லை, தேநீர் ஊற்றினார்.
ஏழாம் செவ்வாய்
யாருடையதோ ஒரு தலையணை உறையை எடுத்து
மூலைக்கு மூலை சேராமல் மடித்து வைத்தார்.

யோகறாசா அதைப் பார்த்தார்.
பிரித்து மடிக்கவில்லை.
கோணலாகவே பையில் வைத்துக் கொடுத்தார்.